1921ஆம் ஆண்டுக் கொழும்பு நகரத் திட்ட அறிக்கை: எங்கள் நூலகத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வன்னியில், ஏ9 வீதியிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி இருக்கும் சின்ன நூலகம் எங்களுடையது. பத்திரிகை பார்க்கவும் உயர்தரப் பரீட்சைக்குப் படிக்கவும்தான் பெரும்பாலும் ஆட்கள் வருவார்கள். கொஞ்ச நாளாகப் பூட்டிய அலுமாரியில் இருக்கும் ஒரு புத்தகத்தைக் கேட்டும் வருகிறார்கள். ஒரே பதிலை நாளுக்கு நாலு தரம் சொல்ல வேண்டியிருப்பதால், எழுதி வைத்துவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

அப்படி என்ன புத்தகம் அது?

கொழும்பு நகரத்தை எப்படித் திட்டமிடலாம் என்று பேராசிரியர் பற்றிக் கெடிஸ் எழுதிய முதனிலை அறிக்கை. ஆங்கில நூல். 1921இல் அரசாங்க அச்சகம் வெளியிட்டது. கொழும்பைக் ‘கிழக்கின் பூங்கா நகரம்’ என்று சொல்வார்களே, அந்தப் பேச்சோடு சேர்ந்து வரும் பெயர் இவருடையதுதான்.

அதற்கு ஆறு வருடம் முன்னால், 1915இல், வீடமைப்பு நகர மேம்பாட்டுக் கட்டளைச் சட்டம் வந்திருந்தது. வீதிக்கு எவ்வளவு விட வேண்டும், வீட்டுக்குக் காற்றும் வெளிச்சமும் எப்படி வர வேண்டும் என்றெல்லாம் சொல்லும் சட்டம். அது செத்துப்போன சட்டம் என்று நினைக்காதீர்கள். வீடு கட்டப் பிரதேச சபைக்கு வரைபடம் கொண்டு போகிறோமே, அந்த அனுமதிக்குப் பின்னால் இன்றைக்கும் பல இடங்களில் நிற்பது அதுதான்.

யார் இந்தக் கெடிஸ்? எஞ்சினியரா?

இல்லை. படித்தது உயிரியல். 1854இல் ஸ்கொட்லாந்தில் பிறந்தவர், டண்டீயில் தாவரவியல் பேராசிரியராக இருந்தவர். செடியைப் பார்க்கிற கண்ணாலேயே ஊரையும் பார்த்தார் என்பதுதான் இவரிடம் எனக்குப் பிடித்தது. வேர் எங்கே, தண்ணீர் எங்கிருந்து வருகிறது, எந்தக் கிளை பட்டுப்போயிற்று, எது இன்னும் துளிர்க்கும் என்று பார்த்துவிட்டுத்தான் கத்தரிக்கோலை எடுப்பார்.

1880களில், கலியாணமான புதிதில், எடின்பரோவின் பழைய நகரத்தில் இடிந்து கிடந்த நெருக்கமான குடியிருப்பு ஒன்றுக்கு மனைவியோடு குடிபோனார். அக்கம்பக்கத்தாரைச் சேர்த்துக்கொண்டு சுவருக்கு வெள்ளையடித்தார், முற்றத்தைத் துப்புரவாக்கினார், பூஞ்செடி வைத்தார். ஊரைத் திருத்த வந்தவர் முதலில் அந்த ஊரில் குடியிருந்து பார்த்தார்.

1914இல் இந்தியாவுக்கு வந்தார். நகரங்களைப் பற்றிய பெரிய கண்காட்சி ஒன்று, வரைபடமும் படமுமாக, வேறு கப்பலில் பின்னால் வந்தது. அந்தக் கப்பலை ஜேர்மன் போர்க்கப்பல் எம்டன் மூழ்கடித்துவிட்டது. ஆம், சென்னைமேல் குண்டு போட்ட அதே எம்டன். ‘அவன் பெரிய எம்டன்’ என்று சொல்கிறோமே, அந்த எம்டன்தான். பல வருடச் சேகரிப்பு கடலுக்குப் போனது. இலண்டனில் இருந்த நண்பர்கள் அவசர அவசரமாக இன்னொரு தொகுப்பைத் திரட்டி அனுப்ப, 1915 ஜனவரியில் சென்னையில் கண்காட்சியைத் திறந்தார். பெட்டியோடு எல்லாவற்றையும் இழந்துவிட்டு மறுபடி தொடங்கியவர் என்பதால், எங்கள் ஊர் ஆட்களுக்கு இந்தக் கதையைச் சொன்னால் மனுசனைச் சட்டென்று பிடித்துவிடுகிறது.

பிறகு மதுரை, தஞ்சாவூர் என்று சென்னை மாகாணத்து ஊர்களை நடந்து பார்த்து அறிக்கை எழுதினார். இந்தூரில் பெரிய வேலை செய்தார். 1919 முதல் 1924 வரை பம்பாய்ப் பல்கலைக்கழகத்தில் சமூகவியல் பேராசிரியர். அந்தக் காலத்தில்தான் கொழும்பு அறிக்கை. 1932இல் பிரான்சில் இறந்தார்.

இதில் வன்னியைப் பற்றி ஏதாவது இருக்கிறதா?

இல்லை. முழுக்கக் கொழும்புதான். இதைக் கேட்டதும் பாதிப் பேர் புத்தகத்தைத் திருப்பித் தந்துவிடுகிறார்கள்.

பிறகு ஏன் அது வன்னிக்கு வந்தது?

பழைய ஓவசியர், அதாவது வேலைத்தல மேற்பார்வையாளர், ஒருவர் வைத்திருந்தது. குளத்து வேலை, வாய்க்கால் வேலை என்று ஆயுள் முழுக்கத் திரிந்தவர். அவருக்கு இது எப்படிக் கிடைத்தது என்பது குடும்பத்துக்கே தெரியாது. ஏதோ கந்தோரில் பழைய கோப்புகளோடு கழித்து எறிந்ததை எடுத்திருப்பார் என்று மகள் சொல்கிறார்.

2002இல் சண்டை நின்று ஏ9 பாதை திறந்தபோது, மகள் வவுனியாவுக்கு வீடு மாறினார். ஐயாவின் டிரங்குப் பெட்டியும் லொறியில் போனது. அது அப்போது போயிராவிட்டால் இன்றைக்கு இந்தப் பக்கமே இருக்காது. 2006இல் பாதை மறுபடி மூடியது. 2008, 2009இல் கிளிநொச்சியிலிருந்து கிழக்காகத் தருமபுரம், விசுவமடு, புதுக்குடியிருப்பு என்று நகர்ந்துகொண்டே போனவர்கள் என்னென்னவெல்லாம் வழியில் விட்டார்கள் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. தையல் மெஷினைப் புதைத்துவிட்டுப் போனார்கள். புத்தகத்தை யார் தூக்கினார்கள்?

ஊர் திரும்பிச் சில வருடம் கழித்து அந்த அம்மா இதைக் கொண்டுவந்து தந்தார். டிரங்குப் பெட்டி துருப்பிடித்துப் போனதாம். புத்தகம் வந்தது வெள்ளை யூரியாப் பைக்குள்.

பார்க்க எப்படி இருக்கும்? நூற்றாண்டுப் புத்தகம் மாதிரித் தெரியவில்லையே?

அட்டை பிற்காலத்தது. யாரோ உள்ளூரில் கட்டுவித்திருக்கிறார்கள். கறுப்புத் துணி முதுகு, பக்கத்தில் பளிங்குக் கடதாசி. கட்டினவர் கெட்டிக்காரர்தான், ஆனால் இரண்டு பிழை விட்டிருக்கிறார். முதலாவது, கோதுமை மாப் பசையைத் தாராளமாகப் பூசியது. பூச்சிக்கு அது கலியாண வீட்டுச் சாப்பாடு. முதுகின் உள்பக்கம் ஊசியால் குத்தினது போல வரிசையாய் ஓட்டைகள். இரண்டாவது, ஓரங்களைச் சமமாக்க வெட்டியது. ஓவசியர் ஐயா பக்க ஓரங்களில் பென்சிலால் எழுதிக்கொண்டே படித்திருக்கிறார், ஆங்கிலமும் தமிழும் கலந்து. வெட்டுக்கத்தி அந்த எழுத்துகளின் நுனியைக் கொண்டுபோய்விட்டது. ஒரு பக்கத்தில் ‘குளத்தை மூ’ என்று நிற்கிறது. மூடுவதா, மூடாமல் விடுவதா என்று நாங்கள் எங்களுக்குத் தோன்றுகிறபடி முடித்துக்கொள்கிறோம்.

கடைசி வெற்றுத்தாளில் ஒரு வரைபடம் இருக்கிறது. அதைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

என்ன விலை போகும்?

விற்கவில்லை. இதே கேள்வியைப் பழைய பொருள் வியாபாரி ஒருவர் மூன்று தரம் கேட்டுவிட்டார். அவருக்கும் இதே பதில்தான்.

கெடிஸ் சொன்னபடி கொழும்பு நடந்ததா?

துண்டு துண்டாக. மரம் நிழலிடும் அகன்ற வீதிகள், பூங்கா என்ற எண்ணம் ஒட்டிக்கொண்டது. முழுத் திட்டமாக எதுவும் நடக்கவில்லை. 1946இல் நகர, நாட்டுப்புறத் திட்டமிடலுக்குத் தனிச் சட்டம் வந்தது. 1948இல் பற்றிக் அபர்க்குரொம்பி என்ற இன்னொரு பற்றிக் வந்து, கொழும்பின் நெருக்கத்தைக் குறைக்க இராகமை, ஹோமாகமை, இரத்மலானை ஆகிய இடங்களில் துணை நகரங்களை வளர்க்கச் சொன்னார். 1978இல் நகர அபிவிருத்தி அதிகார சபை உருவானது. அதற்குப் பிறகு திட்டங்களுக்குக் குறைவில்லை. நெருக்கம் குறைந்ததா என்பதைப் புறக்கோட்டையில் பஸ்ஸுக்கு நின்றவர்களிடம் கேளுங்கள்.

கொழும்புக்கு எழுதினது எங்களுக்கு என்ன பிரயோசனம்?

இதுதான் நான் விரும்பிப் பதில் சொல்கிற கேள்வி.

எங்கள் ஊர்ப் பெயர்களைப் பாருங்கள். வவுனியாவிலிருந்து வடக்கே பஸ்ஸில் வந்தால் புளியங்குளம், கனகராயன்குளம், மாங்குளம். மேற்கே போனால் செட்டிகுளம், பாண்டியன்குளம். மடு, கேணி, மோட்டை என்று முடிகிற ஊர்கள் வேறு. தண்ணீர் நின்ற இடத்தில்தான் ஊர் நின்றது. கிளிநொச்சி நகரம் வளர்ந்த கதையே இரணைமடுக் குளம் கட்டி, 1936இல் குடியேற்றத் திட்டம் தொடங்கி, யாழ்ப்பாணத்திலிருந்து காணிக்கு ஆட்கள் வந்த கதைதான். வீதி பிறகு பெரிதானது. முதலில் இருந்தது வாய்க்கால்.

கெடிஸ் இந்தியாவில் வேலை செய்த காலத்தில், மலேரியாவுக்குப் பயந்து ஊருக்குள் இருந்த குளங்களை மண் போட்டு மூடும் வழக்கம் அதிகாரிகளிடம் இருந்தது. இவர் அதை எதிர்த்தார். குளம் ஊரைக் குளிர்த்துகிறது, மழைவெள்ளத்தை வாங்கிக்கொள்கிறது. நுளம்பு தொல்லையென்றால் மீனை விடு, வாத்தை விடு, அவை குடம்பியைத் தின்னும் என்றார். இதை வாசித்துக் காட்டினால் கமக்காரர்கள் சிரிப்பார்கள். ‘இதைச் சொல்ல வெள்ளைக்காரன் வேணுமோ?’ என்று கேட்டார் ஒருவர். வேண்டாம்தான். ஆனால் கந்தோரில் மேசைமேல் போட்டுக் காட்ட, வெள்ளைக்காரன் எழுதினதும் சிலவேளை உதவும்.

மற்றது, அவர் ‘காக்கும் சத்திரசிகிச்சை’ என்று சொன்ன முறை. நெருக்கமான பகுதியைச் சீர்செய்ய அன்றைய எஞ்சினியர்கள் நூல் பிடித்த மாதிரி நேர்வீதி ஒன்றை நடுவாலே வெட்டுவார்கள். வீடு போகும், மரம் போகும், நிழல் போகும். வீடு இழந்தவர்கள் பக்கத்துத் தெருவில் நெருக்குவார்கள். கெடிஸ் வீடு வீடாய்ப் போய், உண்மையிலேயே விழப்போகிற சுவரை மட்டும் எடுத்து, அந்த இடத்தைச் சின்னத் திறந்தவெளியாக்கி, இருக்கிற ஒழுங்கைகளையே கொஞ்சம் அகட்டி இணைப்பார். செலவும் குறைவு, கண்ணீரும் குறைவு.

சண்டைக்குப் பிறகு இங்கே எல்லாம் வேகமாக நடந்தது. வீதி அகன்றது. 2013 செப்ரெம்பரில் கிளிநொச்சிக்கு ரயில் திரும்பி வந்தது. கரண்ட் வந்தது, வங்கிகள் வந்தன. தேவையானவைதான், நான் குறை சொல்லவில்லை. ஆனால் அகட்டின வீதியோரத்தில் ஒரு மத்தியானம் பஸ்ஸுக்கு நின்று பாருங்கள். முன்பு அங்கே நின்ற மருதமரத்தின் அருமை தெரியும். வரைபடம் போட்டவர் அந்த இடத்தில் மத்தியானம் ஒரு மணிக்கு நின்றிருப்பாரா என்பதுதான் என் கேள்வி. கெடிஸ் நின்றிருப்பார். நின்றுவிட்டுத்தான் பென்சிலை எடுத்திருப்பார்.

இந்தூர் எலிக் கதை என்கிறார்களே, அது இதில் இருக்கிறதா?

இந்தப் புத்தகத்தில் இல்லை. ஆனாலும் சொல்கிறேன், நல்ல கதை. இந்தூரில் பிளேக் நோய் பரவியிருந்த நேரம். கெடிஸ் தெருவில் போனால் ‘வீட்டை இடிக்க வந்தவன்’ என்று சனம் முறைத்தது. அவர் அரசரிடம் போய், ஒரு நாளைக்கு என்னை மகாராஜாவாக்குங்கள் என்று கேட்டார். கிடைத்தது. இந்தத் தீபாவளி ஊர்வலம் வழக்கமான பாதையால் போகாது, எந்தத் தெருவார் வீடுகளை அதிகம் துப்புரவாக்கித் திருத்துகிறார்களோ அந்தத் தெருவால்தான் போகும் என்று அறிவித்தார். ஊரே விளக்குமாறும் சுண்ணாம்புமாய் இறங்கிவிட்டது. ஊர்வலத்தில் பிளேக்குக்கு அடையாளமாகப் பெரிய எலி உருவம் வந்தது. எங்கள் பக்கத்தில் தேர் வரும் வீதியைத் திருவிழாவுக்கு முதல் நாள் பார்த்தவர்களுக்கு இது ஏன் வேலை செய்தது என்று விளக்க வேண்டியதில்லை.

எனக்கு ஆங்கிலம் அவ்வளவு வராது. வந்து என்ன செய்ய?

வாருங்கள். சனிக்கிழமை காலையில் நாங்கள் நாலைந்து பேர் சேர்ந்து ஒரு பக்கம் ஒரு பக்கமாக வாசித்துத் தமிழில் சொல்லிக்கொள்கிறோம். இளைப்பாறிய ஆங்கில ரீச்சர் ஒருவர் வருகிறார். கெடிஸின் வசனம் முருங்கைக் கொப்பு மாதிரி, ஒன்றிலிருந்து ஒன்று கிளைத்துக்கொண்டே போகும். ரீச்சரே இரண்டாம் தரம் வாசித்துத்தான் சொல்கிறார். அதனால் வெட்கப்பட ஒன்றுமில்லை.

பிள்ளைகளுக்கு ஏதாவது இருக்கிறதா?

இருக்கிறது. கெடிஸ் இருபத்தைந்து வயதளவில் மெக்சிக்கோவில் கண் பார்வை மங்கி, இருட்டறையில் கிடக்க வேண்டி வந்தது. எழுத முடியாது, வாசிக்க முடியாது. கடதாசியை மடித்து, மடிப்புகளை விரலால் தடவி, ஒவ்வொரு கட்டத்துக்கும் ஓர் எண்ணத்தை வைத்து யோசிக்கப் பழகினார். பார்வை திரும்பிய பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை.

எங்கள் பிள்ளைகளுக்கும் அதுதான். ஒரு தாளை மூன்றாக மடி, மறுபக்கமாக இன்னொரு தரம் மூன்றாக மடி. ஒன்பது கட்டம். மூலைவிட்டமாக மூன்று கட்டத்தில் ‘இடம்’, ‘தொழில்’, ‘மக்கள்’ என்று எழுது. மற்ற ஆறு கட்டத்தில் இவை ஒன்றோடொன்று சேருகிற இடங்கள். பிறகு வெளியே போய் அரை மணித்தியாலம் நட. போன மாதம் ஒரு தங்கச்சி, ஒன்பது வயது இருக்கும், இடமும் தொழிலும் சேரும் கட்டத்தில் எழுதினாள்: ‘குளக்கட்டில் வலை காயப்போட்டிருக்கு.’ மக்களும் இடமும் சேரும் கட்டத்தில்: ‘வான் பாயேக்க எல்லாரும் பார்க்க வருவினம்.’ வான் என்பது குளம் நிரம்பினால் மிச்சத் தண்ணீர் வழிந்து போகும் இடம். பெரியவர்கள் எழுதியதில் பாதி, வேலையில்லாத் திண்டாட்டம், உட்கட்டமைப்பு என்று பேப்பரில் வருகிற சொற்கள்.

தொட்டுப் பார்க்கலாமா? கையுறை வேண்டுமா?

தொடலாம். கையுறை வேண்டாம். துணிக் கையுறை போட்டால் விரலுக்குத் தாள் பிடிபடாமல் கிழியத்தான் செய்யும். கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, நன்றாகத் துடைத்துவிட்டு வாருங்கள். எச்சில் தொட்டுப் புரட்டாதீர்கள். வெற்றிலை போட்டிருந்தால் வெளியே துப்பிவிட்டு வரவும். பேனை கொண்டுவராதீர்கள், பென்சில் நாங்களே தருவோம்.

கிழிந்த பக்கம் ஒன்றில் மஞ்சள் கோடு பார்ப்பீர்கள். அது செலோடேப். ஒட்டியது வேறு யாருமில்லை, நான்தான், வேலைக்குச் சேர்ந்த புதிதில். நல்லது செய்வதாக நினைத்தேன். பசை தாளுக்குள் இறங்கி எண்ணெய்க் கறை போல நிற்கிறது, இனிப் போகாது.

போட்டோக்கொப்பி எடுக்கலாமா?

கொப்பி மெஷினில் வைத்து அழுத்தினால் முதுகு பிளந்துவிடும், அதனால் முடியாது. செல்பேசியில் பிளாஷ் இல்லாமல் எடுங்கள். உரிமைப் பிரச்சினை இல்லை. எழுதியவர் 1932இல் இறந்தவர், இலங்கைச் சட்டப்படி பதிப்புரிமை இறந்து 70 வருடம் வரைக்கும்தான்.

எங்கள் வீட்டிலும் பழைய புத்தகம் இருக்கிறது. பூச்சி அரிக்கிறது. என்ன செய்ய?

மண்ணெண்ணெய் தெளிக்காதீர்கள். வெயிலில் காயவும் போடாதீர்கள், தாள் முறுகிவிடும். புத்தகத்தைப் பொலித்தீன் பையில் போட்டுக் காற்றுப் புகாமல் கட்டி, ஐஸ்கிறீம் வைக்கிற ஆழ்குளிர்ப் பெட்டியில் இரண்டு கிழமை வையுங்கள். பூச்சியும் முட்டையும் சாகும். வெளியே எடுத்தவுடன் பையை அவிழ்க்கக்கூடாது. ஒரு நாள் அப்படியே விட்டால்தான் தாளில் வேர்க்காது. மீன் வைத்திருக்கும் பெட்டியென்றால் பையை இரட்டிப்பாகக் கட்டுங்கள்.

நனைந்த புத்தகமென்றால் ஃபான் காற்றுத்தான் மருந்து. 2018 டிசம்பர் வெள்ளத்தின்போது கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கம் எத்தனையோ வீடுகளில் புத்தகம் ஊறிப்போனது. பக்கத்துக்குப் பக்கம் எழுத்தில்லாத வெள்ளைத்தாளைச் செருகி, நனைய நனைய மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். பொறுமைதான் வேண்டும்.

வன்னியைப் பற்றியே பழைய நூல் இல்லையா?

இருக்கிறது. அரசாங்க உத்தியோகத்தராக இருந்த ஜே. பி. லூயிஸ் 1895இல் வெளியிட்ட வன்னி மாவட்டங்களின் கைந்நூல். வவுனியா, முல்லைத்தீவு பற்றியது, கொழும்பில் அச்சானது. மறுபதிப்பின் நகல் ஒன்று எங்களிடம் உண்டு. அதை யாரும் பூட்டி வைக்கவில்லை, எடுத்து வாசிக்கலாம்.

கடைசித் தாளில் உள்ள வரைபடம் எந்த ஊர்?

ஓவசியர் ஐயா பென்சிலால் போட்டது. பிறைபோல ஒரு குளக்கட்டு, வாய்க்காலுக்குத் தண்ணீர் திறந்துவிடும் ஒரு துருசு, வான், இரண்டு வாய்க்கால். வாய்க்காலின் ஒரு பக்கம் சந்தை, மறுபக்கம் கோயில். வீதி நேராக வந்து குளத்தருகில் வளைந்து போகிறது. கட்டோரம் சின்னச் சின்ன வட்டங்கள், பக்கத்தில் ‘மருது’, ‘நாவல்’, ‘இலுப்பை’ என்று பொடி எழுத்து. ஊர்ப் பெயர் இல்லை. வடக்கு எது என்ற அம்புக்குறியும் இல்லை. இருக்கிற ஊரா, இருக்க வேண்டுமென்று அவர் நினைத்த ஊரா என்று நாங்கள் வாதாடாத சனிக்கிழமை இல்லை.

போன மழைக்கு முதல், ஒரு வயதான கமக்காரர் வந்தார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். ‘வான் மற்றப் பக்கமல்லோ இருக்க வேணும்’ என்று முணுமுணுத்தார். பிறகு என்னைக் கேட்காமலே புத்தகத்தைத் தலைகீழாகத் திருப்பி வைத்தார்.

‘இப்ப சரி, பிள்ளை’ என்றார்.